அம்மம்மா கதைக்கட்டும்

கேள்வி: அம்பாறை நகரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு இங்கே அரசாங்க வேலை. மகனுக்கு மூன்று வயதும் நாலு மாதமும். வீட்டில் தமிழ், அக்கம்பக்கத்தில் சிங்களம், நேர்சரியில் இங்கிலிஷ். "மூன்று மொழியில் பிள்ளை குழம்புகிறான், வீட்டில் இங்கிலிஷ் மட்டும் பேசுங்கள்" என்று நேர்சரி மிஸ் சொன்னார். நாலு மாதமாக அப்படியே செய்கிறேன். இப்போது அவன் முன்பைவிடக் குறைவாகப் பேசுகிறான். பேசினாலும் "அம்மம்மா, வோட்டர் வேணும்" என்று கலந்து பேசுகிறான். என் அம்மா வெல்லாவெளியில் இருந்து வந்து எங்களோடு இருக்கிறார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், அதுவும் மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கத்துக் கிராமப் பேச்சு. அது பிள்ளைக்கு ஒட்டிவிடும் என்று, அவனோடு குறைத்துக் கதைக்கச் சொன்னேன். போன கிழமை அவர், "என்னோட கதைச்சாப் புள்ள கெட்டுப் போயிருவானா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நான் செய்வது சரியா? தமிழை நிறுத்தத்தான் வேண்டுமா? இவனுக்குப் பேச்சுக் குறைபாடு ஏதும் இருக்குமா?
ஒரு தாய், அம்பாறை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அம்மா கேட்ட கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். அவரோடு கதைத்தால் பிள்ளை கெட்டுப்போகமாட்டான். இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே எழுந்துபோய் அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

சரி. நேர்சரி மிஸ் சொன்னதை நீங்கள் நம்பியதில் பிழை இல்லை. அவரும் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். பேச்சு மொழிச் சிகிச்சையாளராக இருந்துகொண்டு நானே ஒரு காலத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

வேலைக்கு வந்த முதல் வருடம் அது. மட்டக்களப்பில் ஒரு குடும்பம், தகப்பன் தமிழ், தாய் சிங்களம். இரண்டரை வயது மகள் பேசப் பிந்துகிறாள் என்று கூட்டிவந்தார்கள். "ஒரு மொழி போதும், தமிழை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தார்கள். விளையாட்டுச் சாமான் பெட்டியை நடுவில் வைத்து, தாயையும் மகளையும் பாயில் இருக்கச் சொன்னேன். தாய் பேசியது இவ்வளவுதான்: "இங்க பார். பந்து. எடு. நல்லம்." அரை மணித்தியாலமும் இந்த ஐந்து சொல்தான். பிள்ளை பந்தை எடுத்தாள், வைத்தாள், தாயின் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பிறகு எழும்பி ஓடும்போது மேசைக் காலில் அவள் முழங்கால் அடிபட்டது. தாய் வாரி எடுத்தார். அந்த நேரம் அவர் வாயில் இருந்து சிங்களம் வந்தது. நீளமாக, தாளத்தோடு, பாதி பாட்டு மாதிரி. அழுதுகொண்டிருந்த பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுத் தாயின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் நிறுத்தச் சொன்னது ஒரு மொழியை என்றுதான் நினைத்திருந்தேன். நின்றுபோனது அவர் மகளோடு பேசிய பேச்சு முழுவதும்.

நீங்கள் உங்கள் மகனோடு ஒரு நாளில் பேசும் இங்கிலிஷை நினைத்துப் பாருங்கள். 'கம்', 'ஈட்', 'டோன்ட் டச்', 'குட் போய்'. மழையில் நனைந்த பூனை எங்கே போய் ஒளிந்தது, அப்பா ஏன் இன்னும் வரவில்லை, நாளைக்கு வெல்லாவெளிக்குப் போனால் என்னென்ன பார்க்கலாம் என்பதையெல்லாம் இந்த நாலு மாதத்தில் அவனுக்குச் சொன்னீர்களா? பிள்ளைக்குப் பேச்சு வளர்வது கட்டளைகளால் இல்லை, இந்த மாதிரிக் கதைகளால்தான். உங்கள் மகன் குறைவாகப் பேசுவதற்கு முதல் காரணமாக எனக்குப் படுவது இதுதான்: அவன் காதில் விழும் பேச்சு குறைந்துவிட்டது. அம்மாவின் பேச்சு சுருங்கியது, அம்மம்மாவின் பேச்சு நின்றது. நேர்சரியில் புதுமொழிக்குள் விழும் பிள்ளைகள் சில மாதம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பதும் வழக்கம்தான். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டிலும் அமைதி என்றால்தான் பிள்ளைக்குப் போக இடம் இல்லை.

இனி 'குழப்பம்' என்ற சொல்லுக்கு வருவோம். இதற்கு நூறு வருடச் சரித்திரம் இருக்கிறது. 1923-இல் சேயர் என்ற ஆய்வாளர் வேல்ஸ் நாட்டில் ஏறத்தாழ 1400 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து, கிராமப்புறங்களில் வேல்ஷும் ஆங்கிலமும் பேசும் பிள்ளைகள் அறிவுத்திறனில் பின்தங்குகிறார்கள் என்று எழுதினார். நகரத்துப் பிள்ளைகளில் அந்த வித்தியாசம் இல்லை என்பதும் அதே ஆய்வில் இருந்தது. ஆனாலும் உலகம் பிடித்துக்கொண்டது 'இரண்டு மொழி பிள்ளையைக் கெடுக்கும்' என்ற பகுதியைத்தான். வீட்டு வசதியையும், சோதனை நடந்த மொழி பிள்ளைக்கு எவ்வளவு பழக்கம் என்பதையும் அந்தக்கால ஆய்வுகள் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. 1962-இல் கனடாவின் மொன்றியல் நகரில் பீல், லம்பேர்ட் என்ற இருவர் பத்து வயதுப் பிள்ளைகளை எடுத்தார்கள். குடும்ப வசதி ஒத்த பிள்ளைகளாகப் பார்த்து ஒப்பிட்டார்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் பின்தங்கவில்லை, பல சோதனைகளில் முன்னுக்கு நின்றார்கள். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் இன்னும் சின்ன வயதுக்குப் போயின. கனடாவின் வன்கூவரில் 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கர்ப்பத்தில் இருந்தபோதே தாய் தகலோக் (பிலிப்பைன்ஸ் நாட்டு மொழி), ஆங்கிலம் என்ற இரண்டு மொழியும் பேசக் கேட்ட குழந்தைகள், பிறந்த சில நாளிலேயே இரண்டிலும் ஆர்வம் காட்டின, இரண்டையும் வேறு வேறாகவும் அடையாளம் கண்டன. நாட்கணக்கில் வயதுள்ள குழந்தைக்கே அது முடியும் என்றால், மூன்று வயது மகனுக்கு முடியாதா?

அப்போ 'வோட்டர் வேணும்'? சகோதரி, அந்த வாக்கியத்தை நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். 'வோட்டர்' என்ற பெயர் முன்னுக்கு, 'வேணும்' என்ற வினை கடைசியில், அம்மம்மாவை அழைத்தது முதலில். தமிழ் வாக்கியத்தின் ஒழுங்கு துளியும் கெடவில்லை. ஒரு சொல்லை மட்டும் வேறு பெட்டியில் இருந்து எடுத்து உரிய இடத்தில் வைத்திருக்கிறான். கலந்து பேசுவதற்கும் ஒழுங்கு உண்டு என்று 1980-இலேயே ஷானா பொப்லாக் என்ற மொழியியலாளர் நியூயோர்க்கில் இருந்த போர்ட்டோ ரீக்கோ மக்களின் பேச்சை வைத்துக் காட்டினார். இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவர்களே வாக்கியத்துக்கு நடுவில் அதிகம் கலந்தார்கள் என்பது அவர் கண்டதில் முக்கியமானது. நாங்களும் அப்படித்தானே. கதிரையில் இருந்து, பாணை வெட்டி, கந்தோருக்குப் போகிறோம். கதிரையும் பாணும் போர்த்துக்கீசர் தந்தவை, கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. இதனால் எங்கள் தமிழ் குழம்பிவிடவில்லை.

அவனைத் திருத்தவும் வேண்டாம், கலந்து பேசாதே என்று சொல்லவும் வேண்டாம். "தண்ணி வேணுமா? இந்தா தண்ணி. குளிர்ந்த தண்ணியா, சும்மா தண்ணியா?" என்று பதில் சொன்னால் போதும். சொல் தானாக வந்து இருக்கும்.

பேச்சுக் குறைபாடு இருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்குங்கள். அவன் கேட்டு விளங்குவதை விட்டுவிட்டு, தானாகச் சொல்லும் சொற்களை மட்டும் ஒரு கிழமைக்கு எழுதுங்கள். பக்கத்தை மூன்றாகப் பிரித்து ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலிஷ், ஒரு பக்கம் சிங்களம். பிறகு மூன்றையும் சேர்த்து எண்ணுங்கள். மயாமியில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த குழந்தைகளை 1993-இல் பியர்சன் குழுவினர் ஆராய்ந்தபோது, ஒரு மொழியை மட்டும் எண்ணினால் சொல் குறைவு போலத் தெரிந்தது, இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஒருமொழிப் பிள்ளைகளுக்குச் சமமாக வந்தது. இங்கிலிஷ் பக்கத்தை மட்டும் பார்த்து மிஸ் கவலைப்பட்டிருக்கலாம்.

கொப்பி எழுதும்போது சொற்களோடு வேறு சிலதையும் கவனியுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதை விரலால் காட்டுகிறானா, ஏதாவது ஒரு மொழியில் மூன்று நாலு சொல் சேர்த்து வாக்கியம் சொல்கிறானா, வீட்டில் உள்ளவர்களுக்கு அவன் பேச்சு பெரும்பாலும் விளங்குகிறதா. இவற்றில் எதற்காவது 'இல்லை' என்று பதில் வந்தாலோ, முன்பு பேசிய சொற்கள் ஒவ்வொன்றாக மறைந்துபோனாலோ தாமதிக்காமல் செவிப்புலன் சோதனைக்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் கூட்டிப்போங்கள். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். குறைபாடு இருந்தாலும் அதற்குக் காரணம் இரண்டு மொழி இல்லை, மருந்து ஒரு மொழியை வெட்டுவதும் இல்லை. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகள்கூட இரண்டு மொழியோடு வளர முடிகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றித்தான் எனக்கு உண்மையான பயம். அது பிள்ளைக்கு இங்கிலிஷ் வராமல் போகும் என்ற பயம் இல்லை. இங்கிலிஷ் வரும். அதற்குப் பின்னால் நேர்சரி, பள்ளிக்கூடம், போன், வேலை என்று ஒரு படையே நிற்கிறது. தமிழுக்குப் பின்னால் உங்கள் வீட்டில் நிற்பது மூன்று பேர். 1970-களில் லம்பேர்ட் இரண்டு வகை இருமொழியைப் பிரித்துச் சொன்னார். ஒன்றில் புதுமொழி வந்து பழையதோடு சேரும், மற்றதில் புதுமொழி வந்து பழையதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் இருக்கும். 1991-இல் லிலி வொங் பில்மோர் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியேறிய குடும்பங்களிடம் விசாரித்து எழுதியது இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான். நேர்சரி வயதிலேயே ஆங்கிலத்துக்குள் விடப்பட்ட பிள்ளைகள் வீட்டு மொழியைக் கைவிட்டார்கள். பிறகு ஒரே கூரையின் கீழ் தாய்க்கும் பிள்ளைக்கும் பேச்சு இல்லாமல் போனது. உங்கள் அம்மாவின் கேள்வியைப் படித்தபோது எனக்கு அந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது.

அமெரிக்காவுக்கே போகத் தேவையில்லை. மட்டக்களப்பிலேயே போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியரின் வீடுகள் இருக்கின்றன. போர்த்துக்கீசர் இங்கே கோட்டை கட்டியது 1628-இல். பத்து வருடத்தில், 1638-இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் போர்த்துக்கீச மொழியில் இருந்து இங்கே பிறந்த கிரியோல் என்ற கலப்பு மொழி, ஒல்லாந்தர் காலம், ஆங்கிலேயர் காலம் எல்லாவற்றையும் கடந்து முந்நூறு வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் அதைப் படிப்பித்து இல்லை. வீட்டில், அடுப்படியில், கலியாண வீட்டுப் பாட்டில் பிள்ளைகள் கேட்டார்கள். 1970-களில் இயன் சிமித் என்ற மொழியியலாளர் இங்கே வந்து அதைப் பதிந்தார், அண்மைக் காலத்தில் ஹியூகோ கார்டோசோ பதிந்தார். அதில் வினைச்சொல் தமிழில் போல வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. 'எனக்கு' என்று நாங்கள் சொல்கிற மாதிரி அவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. இரண்டு மொழியையும் ஒரே வாயால் பேசிய தலைமுறைகள் அப்படி அந்த மொழியைச் செதுக்கியிருக்கின்றன. இன்று அந்த வீடுகளில் இளையவர்கள் தமிழும் ஆங்கிலமும் பேசுகிறார்கள். கிரியோல் பெரும்பாலும் மூத்தவர்களின் வாயில்தான். முந்நூறு வருடம் நின்ற மொழி, வீட்டில் பிள்ளையோடு பேசுவது குறைந்ததும் சில தலைமுறைக்குள் மெலிந்துவிட்டது. கோடிக்கணக்கானோர் பேசும் தமிழுக்கு அப்படி வராது என்று சொல்வீர்கள். தமிழுக்கு வராது. ஆனால் உங்கள் வீட்டுக்குள் வரலாம். கனடாவில் பிறந்த பேரப்பிள்ளையோடு போனில் 'ஹாய்' மட்டும் சொல்லிவிட்டு மகளிடம் கொடுக்கும் அம்மம்மாக்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

படுவான்கரைப் பேச்சு ஒட்டிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி எனக்கு வலித்தது. செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் 1960-களில் இலங்கைத் தமிழை ஆராய்ந்து, பேச்சுத் தமிழ் வகைகளிலேயே எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கி நிற்பது மட்டக்களப்புத் தமிழ் என்று எழுதினார். வெட்கப்படவேண்டிய பேச்சா அது? நெருக்கம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். வீட்டில் ஒரு தமிழ், புத்தகத்தில் ஒரு தமிழ் என்று இரண்டு படியில் ஏறித்தான் எங்கள் பிள்ளைகள் எல்லாரும் படிக்கிறார்கள். 1959-இல் பெர்குசன் 'இரட்டை வழக்கு' என்று விளக்கிய நிலை இதுதான். 'இரிக்கி' என்று வீட்டில் சொல்லும் பிள்ளை 'இருக்கிறது' என்று எழுதப் பழகுவான். 'கிறுகி வா' (திரும்பி வா), 'மறுகா சொல்லுறன்' (பிறகு சொல்கிறேன்) என்ற சொற்களை உங்கள் அம்மா தராவிட்டால் அவனுக்கு வேறு யார் தரப்போகிறார்கள்?

இருமொழி பேசினால் மூளை கூர்மையாகும், முதுமையில் மறதி வராது என்று சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். எலன் பியலிஸ்டொக் போன்றோரின் ஆய்வுகள் கவனத்தைக் கட்டுப்படுத்தும் திறனில் நன்மை காட்டின. ஹைதராபாத்தில் 648 நோயாளரை வைத்து 2013-இல் வெளிவந்த ஆய்வில், இருமொழி பேசுவோருக்கு மறதி நோய் நாலரை வருடம் பிந்தியே தொடங்கியிருந்தது. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், கவனத் திறனில் அந்த நன்மை அவ்வளவு உறுதியாக இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். வாக்குவாதம் முடியவில்லை. அந்த ஆசையை நம்பி எதையும் தீர்மானிக்க வேண்டாம். உங்கள் பிள்ளை அம்மம்மாவோடும், பக்கத்து வீட்டுத் தோழனோடும், பிறகு பல்கலைக்கழகத்தில் ஆசிரியரோடும் பேச முடியும் என்பதே போதுமான காரணம்.

பள்ளிக்கூடத்தில் ஆங்கில மொழிமூலம் என்றால் தமிழ் எதற்கு என்ற எண்ணமும் உங்களுக்கு இருக்கலாம். கல்வி ஆய்வாளர் ஜிம் கமின்ஸ் 1979 முதல் எழுதிவருவது இங்கே உதவும். விளையாட்டுத் திடல் இங்கிலிஷ் ஒன்றிரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடப்புத்தக இங்கிலிஷ் வர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும். அதுவரை பிள்ளை எதைப் பிடித்து யோசிப்பான்? முற்றத்தில் தேங்கிய மழைத்தண்ணி வெயிலில் எங்கே போனது என்று அம்மம்மாவோடு தமிழில் கேட்டுக் கதைத்த பிள்ளைக்கு, ஆறாம் வகுப்பில் ஆவியாதலுக்கு இங்கிலிஷில் ஒரு பெயர் மட்டும் புதிது. விஷயம் பழையது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் ஆங்கிலத்தில் விஞ்ஞானம் படித்து லண்டன் பட்டம் எடுத்தவர். அவரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகி, அறிவியலுக்குத் தமிழ்க் கலைச்சொல் ஆக்கவும் உழைத்தார். ஒன்றைக் கைவிட்டு மற்றதைப் பிடித்தவர் இல்லை அவர்.

சிங்களத்தை விட்டுவிடாதீர்கள். 2007-க்குப் பிறகு அரச சேவையில் சேர்பவர்கள் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி காட்டவேண்டும் என்பது உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கும். நாற்பது வயதில் வகுப்புக்குப் போய்ப் படிப்பதை, உங்கள் மகன் மதிலுக்கு அந்தப் பக்கம் மண் வீடு கட்டிக்கொண்டே எடுக்கிறான். பின்னேரத்தில் விளையாட விடுங்கள், அவ்வளவுதான்.

போனில் இங்கிலிஷ் கார்ட்டூன் போட்டுவிட்டால் மொழி வரும் என்று நினைத்தால் அது வேண்டாம். 2003-இல் பட்ரீசியா கூல் அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு மண்டரின் சீனம் கேட்கச் செய்தார். நேரில் ஒருவர் இருந்து பன்னிரண்டு அமர்வு விளையாடிப் பேசிய குழந்தைகள் அதன் ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே பேச்சைத் திரையில் மட்டும் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. உங்கள் மகன் அவ்வளவு சின்னப் பிள்ளை இல்லைதான். ஆனாலும் பேச்சு ஆளிடம் இருந்து ஆளுக்குத்தான் போகிறது.

இனி வீட்டில் என்ன செய்வது? உங்களுக்கு எந்த மொழியில் கோபமும் கொஞ்சலும் வருமோ அந்த மொழியில் பேசுங்கள். நீங்கள் கடிதம் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் அது தமிழ். நேர்சரியில் படித்த இங்கிலிஷ் பாட்டை அவன் பாடினால் சேர்ந்து பாடுங்கள், இங்கிலிஷ் கதைப் புத்தகம் இருந்தால் படத்தைக் காட்டித் தமிழில் கதையைச் சொல்லுங்கள். அவன் இங்கிலிஷில் கேட்டால் தமிழில் பதில் சொன்னால் போதும், தமிழில் கேட்டால்தான் தருவேன் என்று வற்புறுத்த வேண்டாம். மிஸ்ஸிடம் சண்டைக்குப் போகாமல், "வீட்டில் தமிழை நாங்கள் பார்க்கிறோம், இங்கிலிஷை நீங்கள் பாருங்கள்" என்று தன்மையாகச் சொல்லிப்பாருங்கள். கொப்பியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அம்மாவுக்கு ஒரு வேலை கொடுங்கள். நாலு மாதம் வாயை மூடியிருந்தவர், நீங்கள் "கதையுங்கள்" என்றதும் கதைத்துவிடமாட்டார். பயமும் மனத்தாங்கலும் இருக்கும். இரவுச் சாப்பாட்டை அவர் கையால் ஊட்டச் சொல்லுங்கள். நீங்கள் அந்த நேரம் அடுப்படியில் நில்லுங்கள். வெல்லாவெளியில் வயலுக்கு யானை வந்த இரவைப் பற்றி மகனுக்குச் சொல்லச் சொல்லுங்கள், அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு இரவு இல்லாத வீடு இருக்காது. முதல் நாள் அவன் கேட்காமல் ஓடக்கூடும். மூன்றாம் நாலாம் நாளில் "மறுகா?" என்று கேட்பான். கேட்டதும் அந்தச் சொல்லைக் கொப்பியின் தமிழ்ப் பக்கத்தில் எழுதிவிட்டு எனக்கு ஒரு வரி போடுங்கள்.